குதிரை முகமும் மாளிகை மதிலும்: அதிகாரத்தைப் பகிடி பண்ணும் உரிமை

கீரிமலையில் நீராட வரும் எவருக்கும் இரண்டு முகங்களின் கதை தெரிந்திருக்கும். ஒன்று நகுல முனிவரின் கீரி முகம். மற்றது சோழ அரசன் மகள் மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகம். கடலோரக் கேணியின் நன்னீரில் மூழ்கி எழுந்து இருவரும் மனித முகம் பெற்றார்கள் என்றும், பிணி தீர்ந்த அரசகுமாரியே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலை எழுப்பினாள் என்றும் தலவரலாறு சொல்கிறது. இது பக்திக் கதை, அங்கதம் அல்ல. ஆனாலும் அரசன் மகளுக்குக் குதிரை முகம் என்று சொல்ல எங்கள் ஆச்சிமார் ஒருநாளும் குரலைத் தாழ்த்தியதில்லை.

அதே கடற்கரையில் ஒரு மாளிகை நிற்கிறது. மகிந்த ராஜபக்ஷ ஜனாதிபதியாக இருந்த காலத்தில், வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தபோது, சனத்தின் காணிகளையும் உள்ளடக்கிக் கட்டப்பட்ட ஜனாதிபதி மாளிகை அது. 1990இல் ஊரை விட்டு ஓடியவர்கள் காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றார்கள். அந்தப் பகுதியில் இருந்த ஆதிசிவன் கோயிலும் சடையம்மா மடமும் இருந்த தடமே தெரியாமல் அழிக்கப்பட்டிருப்பதை 2023இல் சைவ சமயப் பிரமுகர் ஆறு திருமுருகன் ஊருக்கு எடுத்துச் சொன்னார். அதே ஆண்டில் அந்தக் காணிகளை அளக்க அதிகாரிகள் வந்தபோது சனம் திரண்டு மறித்தது.

அந்த மாளிகை வாசலில் ஒரு ஜனாதிபதியைக் குதிரை முகத்தோடு வரைந்து, கீழே தன் பெயரையும் போட்டு ஓர் இளைஞர் வெளியிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு என்ன நடக்கும்? ஏட்டில் உள்ள சட்டம் அவரை என்ன செய்யும்? சட்டத்துக்கு வெளியே என்ன நடக்கக்கூடும்? அவர் ஜனாதிபதியை விட்டுவிட்டு ஒரு கோயில் தர்மகர்த்தாவையோ, ஒரு தமிழ்த் தலைவரையோ, ஓர் இயக்கத்தையோ வரைந்தால் நாங்கள் அவரை என்ன செய்வோம்? அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றிய நையாண்டிக்கு எல்லை வேண்டுமா என்ற கேள்வியை இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூன்றாவதைத் தவிர்த்துவிட்டு முதல் இரண்டை மட்டும் பேசுவது எங்களுக்கு வசதியானது. நேர்மையானது அல்ல.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொது அதிகாரம் வகிப்பவரின் பொது நடத்தையைப் பற்றிய எந்தப் பகிடியும், அது எவ்வளவு கசப்பானதாக இருந்தாலும், பொலிஸின் கைக்கோ நாடாளுமன்றத்தின் சிறப்புரிமைக்கோ குற்றவியல் சட்டத்துக்கோ உட்படக்கூடாது. அதிகாரம் இல்லாதவரை நோக்கித் திரும்பும் பகிடி வேறு வகை. அதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு வேண்டும். இலங்கையில் நடந்திருப்பது இதற்கு நேர்மாறானது.

1990ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். கொழும்பில் ‘மே கவுத? மொனவத கரன்னே?’ என்று ஒரு சிங்கள நாடகம் தயாரானது. இவர் யார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது தலைப்பின் பொருள். அன்றைய ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவை நையாண்டி செய்யும் நாடகம் அது என்பது எல்லோருக்கும் விளங்கியது. அதைத் தயாரித்த லக்ஷ்மன் பெரேரா கடத்தப்பட்டார், திரும்பவில்லை. அந்த நாடகத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட ஊடகவியலாளரும் நடிகருமான ரிச்சர்ட் த சொய்சாவை 1990 பெப்ரவரி 18ஆம் திகதி அதிகாலையில் ஆயுதம் தாங்கியவர்கள் வீட்டிலிருந்து இழுத்துச் சென்றார்கள். உடல் மொரட்டுவைக் கடலோரத்தில் கிடைத்தது. அவருடைய தாய் மருத்துவர் மனோராணி சரவணமுத்து ஒரு தமிழ்ப் பெண். மகனைக் கொண்டுபோனவர்களில் ஒரு பொலிஸ் அதிகாரியைத் தன்னால் அடையாளம் காட்ட முடியும் என்று அவர் துணிந்து சொன்னார். பின்னர் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மாரோடு அன்னையர் முன்னணியில் நின்றார். வழக்கு இழுபட்டு, 2005இல் குற்றஞ்சாட்டப்பட்ட மூன்று பொலிஸார் விடுவிக்கப்பட்டனர். அதற்கு முன்பே அந்தத் தாய் இறந்துவிட்டார்.

அந்தக் கொலைக்கு அந்த நாடகம் மட்டுமே காரணமா என்று இன்றுவரை எந்த நீதிமன்றமும் தீர்மானிக்கவில்லை. ஆனால் நாடகக்காரர்களுக்கு அது என்ன பாடம் கற்பித்தது என்பதில் ஐயம் இல்லை. 1992இல் ‘அத்த’ பத்திரிகையின் கேலிச்சித்திரக்காரர் ஜிஃப்ரி யூனூஸ் தாக்கப்பட்டார். அவர் முஸ்லிம். சிங்களப் பத்திரிகையில் பிரேமதாசவை வரைந்து பெயர் பெற்றவர்.

இதே காலத்தில்தான் இலங்கையின் பேச்சுரிமை வரலாற்றில் நல்லதொரு தீர்ப்பும் வந்தது. 1992 ஜூலை 1ஆம் திகதி நண்பகலில், அரசுக்கு எதிர்ப்புக் காட்ட, மணி அடித்தும் வாகன ஹோர்ன் ஒலித்தும் சட்டி பானை தட்டியும் மேளம் அறைந்தும் பதினைந்து நிமிடம் சத்தம் எழுப்பும்படி எதிர்க்கட்சியினர் மக்களை அழைத்தார்கள். ஜன கோஷ என்று அதற்குப் பெயர். பொலிஸ் தலையிட்டது. மாகாண சபை உறுப்பினர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அமரதுங்க எதிர் சிறிமல் என்ற அந்த வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 1993இல் எழுதிய தீர்ப்பு, சொல் இல்லாத சத்தமும் கருத்து வெளிப்பாடே என்றது. அரசையும் கட்சிகளையும் கொள்கைகளையும் விமர்சிப்பது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் உரிமைக்குள் அடங்கும் என்றது. சட்டியைத் தட்டும் ஒலி கூட ஆட்சியாளரைப் பற்றிய கருத்தாகலாம் என்று ஏற்ற நீதிமன்றம் அது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2022 போராட்டத்தில், பசில் ராஜபக்ஷவைக் குறித்து ஆயிரக்கணக்கானோர் காகம்போல் கரைந்தபோது அந்தத் தீர்ப்பை எழுதியவர் உயிரோடு இல்லை. அவர் வகுத்த வழி தெருவில் நடந்துகொண்டிருந்தது.

நல்ல தீர்ப்புகள் ஏட்டில் இருக்கின்றன. ஆட்கள் இல்லாமல் போகிறார்கள். 2010 ஜனவரி 24ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, கேலிச்சித்திரக்காரரும் பத்தி எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட வேலை முடிந்து வீடு திரும்பவில்லை. மனைவி சந்தியா பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஐக்கிய நாடுகள் அலுவலகத்துக்கும் நடந்தார். 2011 நவம்பரில் ஜெனீவாவில், சித்திரவதைக்கு எதிரான குழுவின் முன், இலங்கை அரசின் சார்பில் சென்ற முன்னாள் சட்டமா அதிபர் மொஹான் பீரிஸ், பிரகீத் வெளிநாடொன்றில் இருக்கிறார் என்று சொன்னார். அடுத்த ஆண்டு ஹோமாகம நீதவான் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றபோது, அந்தத் தகவலைத் தந்தவர் யார் என்பது நினைவில்லை என்றார். 2015க்குப் பின் நடந்த விசாரணை இராணுவப் புலனாய்வினரிடம் போய் நின்றது. 2019இல் ஒன்பது பேர் மீது குற்றப்பத்திரம் தாக்கலானது. இடையில், நீதிமன்ற வளவுக்குள்ளேயே சந்தியாவை மிரட்டியதற்காகக் கலகொட அத்தே ஞானசார தேரர் 2018இல் தண்டிக்கப்பட்டு, மறு ஆண்டு ஜனாதிபதியின் பொதுமன்னிப்புப் பெற்றார். 2022 ஜனவரியில் சந்தியா முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்து, தலையை மழித்து, நீதி கேட்டார். நீதிமன்றத்தில் முடியாததைக் காளியிடம் ஒப்படைப்பது வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு மிகப் பழகிய வழி. அந்த வழியில் ஒரு சிங்களக் கேலிச்சித்திரக்காரரின் மனைவியும் வந்து நின்றார்.

இவற்றை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ‘நையாண்டிக்கு எல்லை வேண்டும்’ என்று பேசுவோர் வெறும் கோட்பாடாகப் பேசுகிறார்கள். இந்த நாட்டில் அந்த எல்லையை வரைந்த கைகள் எவை என்று முதலில் தெரிய வேண்டும். நையாண்டி அளவு மீறி அதனால் ஒரு ஜனாதிபதி பதவி இழந்ததாகவோ அமைச்சர் ஒருவர் உயிர் இழந்ததாகவோ இலங்கை வரலாற்றில் ஒரு சம்பவமும் இல்லை. நையாண்டி செய்ததாகக் கருதப்பட்டவர்கள் உயிர் இழந்திருக்கிறார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2002 வரை குற்றவியல் அவதூறு என்ற ஏற்பாடு தண்டனைச் சட்டக்கோவையில் இருந்தது. அதன்கீழ் ‘சண்டே டைம்ஸ்’ ஆசிரியர் சிங்ஹ ரத்னதுங்கவுக்கு, ஜனாதிபதி சந்திரிகா ஒரு விருந்துக்குப் போனதாகச் சொன்ன சிறு பத்திக்காக, 1997இல் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2002இல் அந்த ஏற்பாடு நீக்கப்பட்டபோது பத்திரிகையாளர் உலகம் மூச்சு விட்டது. ஆனால் வாசல் ஒன்று மூட, சன்னல் இரண்டு திறந்தன.

முதற் சன்னல், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை உள்நாட்டுச் சட்டமாக்குவதாகச் சொல்லிக் கொண்டுவரப்பட்டது. இன, மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு இட்டுச் செல்லும் பேச்சைத் தடுப்பது அதன் 3ஆம் பிரிவின் நோக்கம். சிறுபான்மையினரான எங்களுக்கு இப்படியொரு பாதுகாப்பு உண்மையிலேயே தேவை. நடந்தது என்ன? 2019 ஏப்ரலில், பௌத்த விகாரைச் சூழலை வைத்துச் சிறுகதை எழுதிய ஷக்திக சத்குமார கைதாகி நான்கு மாதமளவில் உள்ளே இருந்தார். அடுத்த மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண், சட்டையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச் சக்கரம் என்று பொலிஸ் எண்ணியதால் கைதானார். 2023 மே மாதக் கடைசியில் மேடை நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரிய கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபட்டார். அந்த நிகழ்ச்சியை வெளியிட்ட தளத்தின் உரிமையாளர் புருனோ திவாகரவும் சில நாளில் கைதானார்.

இந்தச் சட்டத்தின் கொடுமை அதன் தண்டனையில் இல்லை, பிணையில் இருக்கிறது. இதன்கீழ் கைதானவருக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம். ஆகவே முறைப்பாடு ஒன்று, கைது ஒன்று, அதன்பின் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விளக்கமறியல். வழக்கு நிற்குமா நிற்காதா என்பதே தெரியவேண்டியதில்லை. நடாஷாவுக்கு ஜூலை 5ஆம் திகதிதான் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது. சத்குமாரவின் வழக்கு 2021இல் கைவிடப்பட்டது. நான்கு மாதத்தை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது? அரச உத்தியோகம் பார்ப்பவர், குடும்பம் உள்ளவர், இதைப் பார்த்த பின் அடுத்த கதையை எழுதத் துணிவாரா?

இந்தக் கைதுகள் எல்லாம் மதம் சார்ந்தவை, ஆட்சியாளரைப் பற்றியவை அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். சரியான மறுப்பு. ஆனால் விகாரை என்ற நிறுவனம் இலங்கையில் அரசியல் அதிகாரத்தின் ஓர் அங்கம். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அதைப் பேண வேண்டியது அரசின் கடமை. முதன்மை இடம் பெற்ற ஒன்று, பகிடியைக் கேட்டதும் பாதிக்கப்பட்ட சிறுபான்மையைப்போல் சட்டத்தின் பின்னால் போய் நிற்கிறது. நலிந்தோருக்குப் போட்ட வேலியைப் பலத்தோர் தங்கள் காணிக்குள் இழுத்துக்கொள்வது என்பது இதுதான்.

இரண்டாவது சன்னல், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். பெண்களையும் பிள்ளைகளையும் இணையத் துன்புறுத்தலிலிருந்து காக்க என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டு, 108க்கு 62 வாக்குகளால் நிறைவேறியது. நிறைவேறிய நாள் 2024 ஜனவரி 24. பிரகீத் காணாமல் போய்ப் பதினான்கு ஆண்டு நிறைந்த நாள். சபையில் இருந்தவர்களுக்கு அது நினைவில் இருந்ததோ தெரியாது.

அந்தச் சட்டத்தின் மையத்தில் ‘பொய்யான கூற்று’ இருக்கிறது. பொது ஒழுங்குக்குப் பங்கம் விளைவிக்கும் பொய்யான கூற்றுக்கு 5 ஆண்டு வரை சிறை. எது பொய் என்று முதலில் சொல்லப்போவது ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஐவர் கொண்ட ஆணைக்குழு. நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும் என்பது உண்மை. அது போதுமான காப்பு அல்ல. சிக்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. நையாண்டி என்பது தன் உருவத்தில் எப்போதுமே பொய். எந்த ஜனாதிபதிக்கும் குதிரைத் தலை இல்லை. எந்த அமைச்சரும் நாட்டைத் தட்டில் வைத்து முள்ளுக்கரண்டியால் உண்பதில்லை. கேலிச்சித்திரம் பார்ப்பவருக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்தபடியால்தான் அதற்குள் இருக்கும் உண்மை அவருக்குப் புலப்படுகிறது. கூற்றின் மெய் பொய்யை மட்டும் நிறுக்கும் தராசு, வரைந்தவரின் மிகைப்படுத்தலையும் ஏமாற்றுக்காரரின் புரட்டையும் ஒரே தட்டில் போட்டுவிடும். பிரகீத் வெளிநாட்டில் இருக்கிறார் என்று ஜெனீவாவில் சொல்லப்பட்டதே, அந்தக் கூற்றுக்காக இன்றுவரை எவரும் தண்டனை பெறவில்லை.

தமிழகத்திலும் நிலைமை வேறாக இல்லை. 1987 மார்ச் கடைசியில் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் ஒரு சிரிப்பு வெளியானது. மேடையில் இருப்பவர்களில் யார் சட்டமன்ற உறுப்பினர், யார் மந்திரி என்ற கேள்விக்கு, ஒருவரைப் பிக்பாக்கெட் போலவும் மற்றவரைக் கொள்ளைக்காரர் போலவும் காட்டி வரும் பதில் அது. எம்.ஜி.ஆர். முதலமைச்சர், பி.எச். பாண்டியன் சபாநாயகர். சட்டமன்றம் தன் சிறப்புரிமை மீறப்பட்டதாகச் சொல்லி, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அவர் மன்னிப்புக் கேட்க மறுத்துச் சிறைக்குப் போனார். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் இரண்டொரு நாளில் விடுவிக்கப்பட்டார். அவர் அத்தோடு விடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடி, 1994இல் ஆயிரம் ரூபாய் இழப்பீடு பெற்றார். அந்தச் சிரிப்பில் எந்த உறுப்பினரின் பெயரும் இல்லை, முகமும் இல்லை. ஒரு தொழிலைப் பற்றிய மக்கள் கருத்து மட்டும்தான் இருந்தது. அதைக் கேட்டு ஒரு சபையே தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, முறைப்பாட்டாளராகவும் நீதிபதியாகவும் தானே இருந்தது. தன் வழக்கைத் தானே தீர்க்கும் அதிகாரத்தைவிட நையாண்டிக்கு ஆபத்தான எதிரி இல்லை.

2017 நவம்பரில் கேலிச்சித்திரக்காரர் ஜி. பாலா கைதானார். கந்துவட்டிக் கொடுமையால் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளவில் ஒரு குடும்பம் தீக்குளித்ததற்கு, முதலமைச்சரையும் ஆட்சியரையும் பொலிஸ் ஆணையரையும் ஆடையின்றி, பணக்கட்டால் மானம் மறைப்பவர்களாக அவர் வரைந்திருந்தார். படம் ஆபாசம் என்றார்கள். எரிந்து கிடந்த பிள்ளையைப் பார்த்துத்தான் அந்தப் படத்தை மதிப்பிட வேண்டும். 2025 பெப்ரவரியில் கைவிலங்கோடு இந்தியர் அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டபோது, டிரம்பின் பக்கத்தில் விலங்கோடு அமர்ந்த மோடியை விகடன் வரைந்தது. தளமே முடக்கப்பட்டது. பத்திரிகையின் ஒரு பக்கத்துக்காகப் பத்திரிகை முழுவதையும் பூட்டுவது 1987இல் எவரும் நினைத்துப் பார்க்காத வசதி.

இனி எங்களைப் பற்றி.

தமிழில் இந்தக் கலைக்கு வயது குறைவில்லை. செம்பொருள், பழிகரப்பு என்று அங்கதத்தை இரண்டாகப் பிரித்து வைத்தது தொல்காப்பியம். தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலில் நின்று, அவன் படைக்கலங்கள் பளபளப்பதையும் அதியமானின் வேல் கொல்லன் உலையில் கிடப்பதையும் ஒளவை புகழ்வதுபோல் ஒப்பிட்டது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் நட்டுவச் சுப்பையனார் ‘கனகி புராணம்’ பாடினார். வண்ணார்பண்ணைச் சிவன் கோயில் நடனப்பெண் கனகியையும் அவளிடம் போய்வந்த ஊர்ப் பெரியவர்களையும் புராண நடையிலேயே வைத்துப் பாடிய நூல். சில செய்யுள்களே எஞ்சின. பெரிய மனிதர்களின் முகமூடியைக் கிழித்ததற்காக அதைப் போற்றுகிறோம். ஆனால் அந்நூலில் மிக அதிகமாக அம்பலப்பட்டது அந்தப் பெரியவர்களா, கனகியா? அவர்களுக்குக் காணி இருந்தது, சாதி இருந்தது, பெயர் இருந்தது. அவளுக்கு எதுவும் இல்லை. இன்றைக்கு அவர்களில் எத்தனை பேரின் பெயர் நினைவில் இருக்கிறது? நூலின் பெயரிலேயே நிற்பது அவள்தான். மேலே எறிந்த கல் கீழே இருந்தவள் தலையில் விழுந்தது. நையாண்டிக்கு எல்லை வேண்டும் என்று யாராவது என்னிடம் வாதாடினால், நான் மதித்துக் கேட்கும் வாதம் இந்த இடத்திலிருந்து வருவதுதான்.

கீரிமலையிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள மாவிட்டபுரத்தில் 1968இல் நடந்ததை நாங்கள் இன்னும் சத்தமாகப் பேசுவதில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் கந்தசுவாமி கோயிலுக்குள் போக வந்தபோது வாசலில் நின்று மறித்தவர்களில் முன்னின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தமிழர் உரிமைக்காகப் பேசியவர். தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் போராடியது. அந்தப் போராட்டத்திலிருந்து என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ நாடகம் பிறந்தது. அம்பலத்தாடிகள் நாடகக் குழுவினர் அதைக் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஊர் ஊராக ஆடினார்கள். கந்தனும் நாரதரும் மேடைக்கு வந்தார்கள். எந்தக் கோயிலின் பெயரால் மனிதர் மறிக்கப்பட்டார்களோ, அந்தக் கோயிலின் தெய்வமே மறிக்கப்பட்டவர் பக்கம் நின்றது. இதைவிடக் கூர்மையான அங்கதம் ஈழத்து மேடையில் அரிது. இன்றைய 2007ஆம் ஆண்டுச் சட்டம் அன்று இருந்திருந்தால், ‘சைவத்தை இழிவுபடுத்துகிறார்கள்’ என்ற ஒரு முறைப்பாட்டோடு காங்கேசன்துறைப் பொலிஸ் அந்தக் கூத்தர்களை விளக்கமறியலில் வைத்திருக்கலாம். மத உணர்வு புண்படுகிறது என்ற வாதத்தைத் தமிழர் நாங்கள் அவசரப்பட்டு ஆதரிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். வாசலை மறித்தவர்களின் உணர்வும் மத உணர்வாகவே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது.

போர்க்காலம் வந்தபின் எங்கள் பக்கத்து அதிகாரமும் துப்பாக்கி ஏந்தியது. சி. சிவஞானசுந்தரம் 1963இல் கொழும்பில் தொடங்கிப் பின் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த ‘சிரித்திரன்’ இதழை இங்கே நினைக்கிறேன். சவாரித் தம்பரையும் சின்னக்குட்டியையும் மிஸிஸ் டாமோடிரனையும் வைத்து அவர் யாழ்ப்பாணத்து மனிதரின் பகட்டையும் சீதனப் பேராசையையும் வெளிநாட்டு மோகத்தையும் வரைந்தார். மகுடி என்ற பெயரில் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். கரவெட்டிக்காரர், பம்பாயில் சித்திரம் படித்தவர். அந்த மண்ணில் கேலிச்சித்திரத்தை முன்னிறுத்தி ஓர் இதழை நடத்தியவர். ஆனால் அந்த இதழின் பக்கங்களில் ஊரின் உண்மையான அதிகாரம் எவ்வளவு தூரம் நேராக வரையப்பட முடிந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஆயுதம் நின்ற ஒரு பட்டினத்தில் சீதனத்தைப் பற்றிப் பகிடி விடலாம். ஆயுதத்தைப் பற்றி விட முடியாது. இது சிவஞானசுந்தரத்தின் குறை அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நாடக மாணவியும் கவிஞருமான செல்வி 1991 ஓகஸ்ட் 30ஆம் திகதி விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். அடுத்த ஆண்டு சர்வதேசப் பென் அமைப்பின் விருது அவருக்குக் கிடைத்தது. அவர் திரும்பி வரவில்லை. செல்வி எழுதியது நையாண்டி அல்ல, நேரான கவிதை. நேரான சொல்லுக்கே அந்த விலை என்றால் நையாண்டி எப்படி முளைக்கும்?

லக்ஷ்மன் பெரேராவையும் பிரகீத்தையும் பற்றிப் பேசுகிறவர்கள் செல்வியைப் பற்றியும் பேச வேண்டும். செல்வியைப் பற்றி மட்டும் பேசிப் பிரகீத்தை மறப்பவர்களிடமும் இதையே கேட்பேன். லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு தமிழ் இளைஞர் இறந்த தலைவரையோ இருக்கும் அமைப்பையோ நையாண்டி செய்து ஒரு காணொளி போட்டால், அவருக்கு வரும் மிரட்டலுக்கு எந்தச் சட்டப் பிரிவும் தேவைப்படுவதில்லை. துரோகி என்ற ஒரு சொல் போதும்.

சரி, எல்லையே வேண்டாமா? வேண்டும். ஜெர்மனியில் யூதரைக் கோரமாக வரைந்து வெறுப்பூட்டிய ‘டெர் ஸ்டுர்மர்’ பத்திரிகையை நடத்திய யூலியஸ் ஸ்ட்ரைக்கர் 1946இல் நியூரம்பேர்க்கில் தூக்கிலிடப்பட்டார். கேலிச்சித்திரம் கொலைக்குத் துணைபோக முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்தப் படங்கள் எவரைக் குறிவைத்தன? அரசும் படையும் சட்டமும் கைவிட்ட ஒரு மக்களை. வரைந்தவர் அதிகாரத்தின் பக்கம் நின்றார். மலையகத் தமிழரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் விடப்பட்ட பகிடிகளும், முஸ்லிம்களைப் பற்றி இன்றும் விடப்படும் பகிடிகளும், சாதிப் பெயர் சொல்லிச் சிரிக்கும் சிரிப்பும் அந்த வழியில் வருபவை. அரசியலுக்கு வரும் பெண்ணின் தீர்மானத்தை விட்டுவிட்டு அவள் உடலையும் படுக்கையையும் வரைவதும் அப்படித்தான். அவள் பதவியில் இருக்கலாம். ஆனால் அந்தப் படம் தாக்குவது பதவியை அல்ல.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி பகிடி எவ்வளவு கடுமையானது என்பதல்ல. எந்தத் திசையில் போகிறது, எதைத் தொடுகிறது என்பதுதான். ஜெர்மனியின் அனுபவம் இங்கே உதவும். 2016இல் தொலைக்காட்சிக் கலைஞர் யான் போமர்மன் துருக்கி ஜனாதிபதி எர்டோகானை மிக ஆபாசமாக ஒரு கவிதையில் ஏசினார். வெளிநாட்டுத் தலைவரை அவமதிப்பதைக் குற்றமாக்கிய, கெய்சர் காலத்து 103ஆம் பிரிவின்கீழ் விசாரணை தொடங்கியது, பின் கைவிடப்பட்டது. நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கியது. 2018 முதல் அது இல்லை. அதேவேளை ஹம்பேர்க் நீதிமன்றம், குடியியல் வழக்கில், உடல்சார் இழிவு வரிகளைத் தடைசெய்து, ஆட்சியைப் பற்றிய வரிகளை அனுமதித்தது. ஒருவரும் சிறை போகவில்லை. எர்டோகானுக்கும் ஒரு மனிதராகத் தன் மானத்துக்கு வழக்காட வழி இருந்தது. அதிகாரத்தைக் காக்கும் பிரிவு போய், மனிதரைக் காக்கும் வழி நின்றது.

இலங்கையில் இதற்கு இணையாகச் செய்யக்கூடியவை எட்டாத தூரத்தில் இல்லை. குடியியல் அவதூறு வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. பொய்யான செய்தியால் பாதிக்கப்பட்ட அமைச்சருக்கு அது போதும். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் பொய்யான கூற்றுப் பிரிவுகளிலிருந்து நையாண்டி, கேலிச்சித்திரம், நாடகம், கூத்து ஆகியவற்றைச் சொல்லால் பெயரிட்டு விலக்க வேண்டும். ‘நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்’ என்ற உறுதி போதாது, ஏனெனில் நீதிமன்றம் பார்ப்பதற்கு முன் பொலிஸ் வந்துவிடுகிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவை, வன்முறைக்கு உள்ளாகக்கூடிய ஒரு குழுவுக்கு எதிரான உடனடித் தூண்டல் என்ற அளவுக்குச் சுருக்க வேண்டும். அதற்கும் முந்திச் செய்யவேண்டியது, பிணை கொடுக்கும் அதிகாரத்தை நீதவானிடம் திருப்பிக் கொடுப்பது. ஒரேயொரு உபபிரிவைத் திருத்தினால் போதும். அந்தத் திருத்தம் வந்திருந்தால் சத்குமாரவுக்கு நான்கு மாதமும் நடாஷாவுக்கு ஐந்து வாரமும் மிஞ்சியிருக்கும். வடக்கிலிருந்து தெரிவான உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்தத் திருத்தத்தைத் தனிநபர் பிரேரணையாகவேனும் கொண்டுவரலாம். அப்படிக் கொண்டுவருபவர், தன்னைக் குதிரை முகத்தோடு வரையப்போகும் இளைஞருக்கும் சேர்த்தே அதைக் கொண்டுவர வேண்டும்.